ஏணி பிடித்த ஐயாவுக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த நினைவுக் கூட்டத்துக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

போர் விமானி குரூப் கேப்டன் திலீப் பருல்கர் 2025 ஆகஸ்டில் காலமானார். "நம்ம பக்கத்து ஆளா?" என்றுதான் முதலில் பலரும் கேட்டீர்கள். இல்லை. ஆனாலும் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. அந்த வீடுகளுக்கு அவர் கதை புரியும் என்று நம்பினேன்.

விடுமுறை நாளிலும் வந்து கதவைத் திறந்துவிட்ட நூலகர் அம்மாவுக்கு முதல் நன்றி. ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி இரவெல்லாம் உட்கார்ந்து வரைபடத்தைப் பெரிதாக அடித்துக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். தம்பி, அந்த வரைபடம் இல்லாமல் பிள்ளைகளுக்கு எதையும் விளக்கியிருக்க முடியாது. 1965 பாகிஸ்தான் போரில் காயம்பட்டும் பாராசூட்டில் குதிக்காமல், அடிபட்ட விமானத்தைத் தளத்துக்கே கொண்டுவந்து சேர்த்தவர் பருல்கர். 1971 டிசம்பர் 10 அன்று அவருடைய சுகோய்-7 போர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, பாகிஸ்தானில் போர்க்கைதியானார். 1972 ஆகஸ்டில் கிரேவால், ஹரீஷ் சின்ஜி ஆகிய இரு சக விமானிகளோடு ராவல்பிண்டி முகாமின் சுவரைக் குடைந்து வெளியேறினார். பெஷாவர் தாண்டி லண்டி கோத்தல் வரை போய்விட்டார்கள். ஆப்கான் எல்லைக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான். அங்கே லண்டி கானா ரயில் நிலையத்துக்கு வழி கேட்டார்கள். அது 1932லேயே மூடிய நிலையம்! அந்தக் கேள்வியே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இந்த இடத்தில் ஒரு சிறுமி எழுந்து வந்து வரைபடத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். 1972 டிசம்பர் 1 அன்றுதான் வாகா வழியே நாடு திரும்பினார்கள்.

அப்புறம் கரண்ட் போய்விட்டது. திருமங்கலத்திலிருந்து வந்திருந்த ஐயா, விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர், அந்த இருட்டிலேயே பேச ஆரம்பித்தார். விமானிக்கு பெல்ட் மாட்டிவிட்டு, ஆபத்தில் அவரை வெளியே தூக்கி வீசும் இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளை உருவி, ஒவ்வொன்றாக அவரிடம் எண்ணிக் காட்டுவார்களாம். அவர் தலையசைத்ததும் ஏணியை எடுத்துவிடுவார்கள். "கிளம்பினது நாலு, திரும்பினது மூணுன்னா, அன்னைக்கு மெஸ்ஸுல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டோம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் ஒரு மாதம் படித்துத் தயார் செய்ததைவிட ஐயா பேசிய அந்தப் பத்து நிமிடம்தான் பெரிது. முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வந்தீர்கள் ஐயா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

செல்போன் வெளிச்சம் பிடித்து நின்ற பையன்களுக்கும், கேட்காமலேயே டீ கொண்டுவந்து கொடுத்த பஸ் ஸ்டாண்டு கடை அண்ணனுக்கும் நன்றி. வரைபடம் நூலகச் சுவரிலேயே இருக்கும், பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பணியாரம் சுட்டுக் கொடுத்த மேலத்தெரு அக்கா, உங்கள் தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.