விண்டோஸ் 7, 8.1 கணினியில் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கணக்கு மென்பொருளின் அடுத்த பதிப்பு விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் இயங்காது. விண்டோஸ் 10, 11 இரண்டில் மட்டுமே இயங்கும். காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறோம்: இந்த மாற்றத்தால் உங்கள் கணக்குகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை. இப்போது உங்களிடம் இருக்கும் பதிப்பு நாளைக்கே நின்றுவிடாது. வழக்கம்போல் பில் போடலாம், பழைய ஆண்டுக் கணக்கைத் திறந்து பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். எதையும் நாங்கள் பூட்டப் போவதில்லை.

"நல்லா ஓடுற கம்ப்யூட்டரை எதுக்கு மாத்தணும்?" என்று உங்களில் பலர் போனில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பத்து வருடத்துக்கு மேலாக ஒரு கணினியைத் தூசு தட்டி, மூடி வைத்து, பொத்திப் பொத்திப் பாதுகாத்து வருகிறவர்களை எங்களுக்குத் தெரியும். பழுது கணினியில் இல்லை. அதற்குள் இருக்கும் விண்டோஸைக் கவனித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போய்விட்டது, அதுதான் சிக்கல்.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. நிறுவனங்கள் பணம் கட்டிப் பெற்றுவந்த நீட்டிப்பும் 2023 ஜனவரி 10-இல் முடிந்தது. அதே நாளில் 8.1-க்கும் கதவு அடைபட்டது.

திருத்தம் வராவிட்டால் என்ன, இருக்கிறபடி இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். ஆனால் நிலைமை அப்படியே நிற்பதில்லை, மாதாமாதம் மோசமாகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் புதிய விண்டோஸ்களுக்குத் திருத்தம் வெளியிடுகிறது. இணையத் திருடர்கள் அந்தத் திருத்தத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். திருத்துவதற்கு முன்பிருந்த கோப்பையும் பின்பு வந்த கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். புதிய விண்டோஸின் உள்ளே பழைய விண்டோஸிலிருந்து வந்த பகுதிகள் ஏராளம். ஆகவே அதே ஓட்டை பல நேரம் விண்டோஸ் 7-லும் இருக்கும், அங்கே அதை அடைப்பார் இல்லை. ஆன்டிவைரஸ் ஓரளவு உதவும். ஆனால் அடிப்படையிலேயே இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாக்ரை நினைவிருக்கலாம். கணினியில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட நச்சுநிரல் அது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. திருத்தத்தை நிறுவாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது விண்டோஸ் 7. அன்றாவது நிறுவுவதற்கு ஒரு திருத்தம் இருந்தது.

எங்கள் பக்கத்து நிலைமையையும் மறைக்காமல் சொல்கிறோம். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். பேக்கப் எங்கள் சர்வருக்குப் போகவில்லை, சான்றிதழ் செல்லாது என்று திரையில் வருகிறது என்றார். "தேதி, நேரம் சரியா இருக்கா பாருங்கம்மா" என்றோம். "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. நேத்து சாயந்தரம் வரைக்கும் போச்சே, நான் எதையும் தொடலையே" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. சான்றிதழ் என்பது, தொடர்புகொள்ளும் தளம் உண்மையானதுதானா என்று கணினி சரிபார்க்கும் அடையாளம். இணையத்தில் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் முந்தின நாள், செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதி ஆனது. அதன் இடத்தைப் பிடித்த புதிய சான்றிதழ் அவருடைய விண்டோஸ் 7-இல் இல்லை. போனிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்லி, அந்தச் சான்றிதழைக் கையால் ஏற்றி முடிக்க அன்று பிற்பகல் முழுக்க ஆனது. அவர் பொறுமையாகக் கூடவே செய்தார். அவர் மேல் ஒரு தவறும் இல்லாமல் ஒரு நாள் வேலை கெட்டது எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

எங்கள் மென்பொருளின் உட்பகுதி பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. 2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9-ஐ விண்டோஸ் 7-இல் நிறுவவே முடியாது. உங்களுக்காக நாங்கள் அதற்கு முந்தைய 3.8-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். 2024 அக்டோபரோடு அதற்கும் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோனது. இனியும் அதிலேயே இருந்தால், விண்டோஸ் 11 வைத்திருப்பவர் கணக்கையும் சேர்த்து ஆபத்தில் வைக்கிறோம் என்று பொருள். குரோம் உலாவி 2023 பிப்ரவரியிலேயே 7-ஐயும் 8.1-ஐயும் கைவிட்டது. நாங்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். இனித் தள்ளுவது சரியில்லை.

உங்களிடம் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று தெரியாவிட்டால், 'கம்ப்யூட்டர்' (புதிய விண்டோஸில் 'திஸ் பிசி') ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போய்ப் பாருங்கள். அங்கே எழுதியிருக்கும். விண்டோஸ் 10 என்றால் இப்போதைக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அதற்கும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எனவே புதிதாக வாங்குகிறவர்கள் விண்டோஸ் 11 உள்ள கணினியாகவே வாங்குங்கள். 7 காலத்துக் கணினியில் 11-ஐ ஏற்ற முடியாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இவை இருக்கின்றனவா என்று விண்டோஸ் 11 செய்யும் சோதனையை ஏமாற்றி ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணக்கு வைக்கிற கணினிக்கு அது ஆகாது.

இந்த மடல் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை பழைய பதிப்புக்கும் போனில் உதவி செய்வோம், பேக்கப்பும் எங்கள் சர்வருக்கு வந்துகொண்டிருக்கும். அதன்பின் பழைய பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு மட்டுமே பேக்கப் எடுக்கலாம்.

இரண்டு மூன்று கணினியில் ஒரே கணக்கைப் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். புதிய பதிப்பு உங்கள் கோப்பைத் திறக்கும்போது அதன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். மாறிய கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் பாதிப் பேர் வேலை நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

ஏதோ ஒரு பழைய பிரிண்டருக்காகவோ கருவிக்காகவோ விண்டோஸ் 7-ஐ வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள். அதில் மின்னஞ்சலும் வங்கி வேலையும் வேண்டவே வேண்டாம்.

புதுக் கணினி என்பது உங்களுக்குச் சிறிய செலவில்லை என்பது தெரியும். உங்கள் உரிமம் அப்படியே புதுக் கணினிக்கு வரும், அதற்கு நாங்கள் எதுவும் வாங்க மாட்டோம். மாற்றுகிற அன்று காலையில் அழையுங்கள், கூடவே இருந்து செய்து தருகிறோம். அதற்கு முந்தின நாள் இரவே ஒரு பேக்கப் எடுத்து, பென் டிரைவைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
மென்பொருள் உதவிக் குழுவினர்