ஸ்கின் கிளினிக் டாக்டர்களுக்கு, அல்சூரிலிருந்து ஒரு பார்லர்க்காரி

பெங்களூரில் முகத்து முடிக்கு லேசர் பேக்கேஜ் விற்கிற டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் அல்சூரில் சோமேசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் பார்லர் வைத்திருக்கிறேன். ஃபேஷியல், கல்யாண மேக்கப் என்று போர்டில் என்னென்னவோ எழுதியிருந்தாலும் கடை வாடகையைக் கட்டுவது தாடைக்கும் மேலுதட்டுக்கும் போடுகிற நூல்தான். "முகத்து முடிக்கு நிரந்தரத் தீர்வு" என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்துப் போனவர்களில் நிறையப் பேர் கொஞ்ச காலம் கழித்து மறுபடி என் நாற்காலியில்தான் வந்து உட்காருகிறார்கள். எனக்கு வியாபாரம்தானே, நான் ஏன் அலுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். பேக்கேஜுக்கு இ.எம்.ஐ. கட்டிக்கொண்டே தாடைக்கு நூல் போட வருகிற பெண்ணிடம் காசு வாங்க எனக்குக் கை கூசுகிறது. ஊசி வைத்து முடி வேரையே அழிக்கிற எலக்ட்ரோலிசிஸ் பற்றி நீங்கள் ஏன் வாயே திறப்பதில்லை என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

லேசரே மோசம் என்று சொல்ல வரவில்லை. கை, கால், அக்குளில் கறுப்பு முடி இருக்கிறவர்களுக்கு நல்ல மெஷினும் பழகிய கையும் அமைந்தால் அது நன்றாகவே குறைகிறது, நானே பலரை அனுப்பியிருக்கிறேன். பிரச்சினை எல்லாம் முகத்தில், அதுவும் பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருக்கிற பெண்களின் தாடையில். லேசர் தேடிப் பிடிப்பது முடியிலுள்ள கறுப்பு நிறமியை, அதனால் நரைத்த முடி அதன் கண்ணிலேயே படாது. ஹார்மோன் அடங்காத வரை உள்ளே புதுசு புதுசாக முடி தடித்துக்கொண்டும் இருக்கும். இது உங்களுக்குத் தெரியாததா?

போன தீபாவளிக்கு முன்னால் மர்ஃபி டவுனிலிருந்து ஒரு பெண் வந்தாள், ஐ.டி. வேலை, தாடைக்கு லேசர் செய்துகொண்டவள், துப்பட்டாவைத் தாடை வரைக்கும் இழுத்துச் சுற்றியிருந்தாள். லென்ஸ் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். தாடையில் குறைந்துதான் இருந்தது. ஆனால் காதுக்குக் கீழே கன்னத்து ஓரமாக, முன்பு வெறும் பூனைமுடி இருந்த இடத்தில், கறுகறுவென்று தடித்த முடி வரிசையாக இறங்கியிருந்தது. லேசர் பட்ட இடத்திலோ அதன் ஓரத்திலோ சிலருக்கு முடி கூடவே செய்யும், மாநிறமும் கறுப்புமான நம் தோலில், முகத்தில், ஹார்மோன் கோளாறு இருக்கிறவர்களுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம் என்று உங்கள் புத்தகங்களிலேயே இருக்கிறது. இதை முதல் நாளே சொன்னார்களா என்று கேட்டேன், இல்லை என்றாள். எலக்ட்ரோலிசிஸ் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டதற்கு, "அது என்னக்கா?" என்றாள்.

என் கேள்வியும் அதுதான் டாக்டர். அதை ஏன் சொல்வதில்லை?

நேற்று வந்த வித்தை இல்லையே அது. 1875-இலேயே அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்தில் சார்லஸ் மிஷெல் என்ற கண் டாக்டர், உள்பக்கமாக வளர்ந்து கண்ணைக் குத்துகிற இமைமுடியை இப்படித்தான் மின்சாரம் விட்டு எடுத்து எழுதி வைத்திருக்கிறார். முடி முளைக்கிற துளைக்குள் முடி மாதிரியே மெல்லிய ஊசியை இறக்கிக் கொஞ்சம் கரண்ட் விடுவது, அவ்வளவுதான். கால்வனிக் முறையில் அந்தக் கரண்ட் உள்ளே இருக்கிற உப்புத் தண்ணீரைக் காஸ்டிக் சோடாவாக மாற்றி வேரை அரித்துவிடும். தெர்மாலிசிஸில் சூடு அந்த வேலையைச் செய்யும், பிளெண்டில் இரண்டும் சேர்ந்து. வேர் செத்தால் முடி இழுவையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். நிறமி கணக்கே கிடையாது, நரை, செம்பட்டை, கறுப்பு எல்லாம் ஒன்றுதான். மருந்துக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தருகிற அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. முடியை நிரந்தரமாக நீக்கும் முறை என்று ஒப்புக்கொள்வது இதைத்தான், லேசருக்கு நிரந்தரமாகக் குறைக்கும் என்கிற அளவுக்குத்தான் அனுமதி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முடியாக எடுப்பதால் பொறுமை சோதிக்கும். ஒரு நேரத்தில் எல்லா முடியும் வளர்ச்சியில் இருக்காது என்பதால் தாடை ஒன்றுக்கே ஒரு வருஷம், அதற்கு மேலும்கூட ஆகலாம். வலிக்கும், மேலுதட்டில் கண்ணில் தண்ணீரே வரும். சின்னச் சின்னப் பொருக்கு கட்டும், அதைக் கிள்ளினாலோ வெயிலில் அலைந்தாலோ நம் தோலில் கறுப்புத் தழும்பு விழும். பேஸ்மேக்கர் இருக்கிறவர்களுக்குக் கூடாது. நடுவில் நூல், வேக்ஸ், பிளக்கர் எதுவும் வைக்கக் கூடாது, முடி இருந்தால்தானே ஊசிக்கு வழி தெரியும், கத்தரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். (என் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போடுகிறேன், பரவாயில்லை.) பி.சி.ஓ.டி.க்கு மருந்தும் கூடவே ஓட வேண்டும், இல்லாவிட்டால் பழைய முடி போய்ப் புது முடி வரும்.

லேசர் மெஷினுக்குப் போட்ட முதலை எடுக்க வேண்டும், ஊசியோடு ஒரு ஆளை மணிக்கணக்கில் உட்கார வைத்தால் கட்டுப்படியாகாது, அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. சரி, நீங்கள் செய்ய வேண்டாம், வாயால் சொல்லுங்கள். முதல் கன்சல்டேஷனிலேயே, கையில் கார்டு மெஷின் நீட்டுவதற்கு முன்னால், இப்படி ஒன்று இருக்கிறது, உங்கள் நரைமுடிக்கு அதுதான் வழி என்று சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு தாடையில் நாலு வெள்ளை முடியோடு வருகிற அம்மாவுக்கு லேசர் பேக்கேஜ் எழுதாதீர்கள், அது பகல் கொள்ளை. திருநங்கைகள் வந்தால் ரிசப்ஷனிலேயே காக்க வைத்து அனுப்பாதீர்கள். தாடி முடி அவர்களுக்கு அழகுப் பிரச்சினை இல்லை, தெருவில் நிம்மதியாக நடப்பதற்கான பிரச்சினை. லேசருக்குப் பிறகும் மிஞ்சுகிற முடிக்கு அவர்களுக்கு இந்த ஊசிதான் கதி.

செய்கிறவர்கள் இருந்தால், பேக்கேஜாக இல்லாமல் நிமிஷக் கணக்கில் காசு வாங்குங்கள். ஊசிப் பாக்கெட்டை ஆளின் கண் முன்னால் பிரியுங்கள். முதலில் ஓரமாகக் கொஞ்சம் இடத்தில் செய்து தோல் எப்படி ஆறுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

அப்புறம் ஆள் பற்றாக்குறை என்று சொல்லாதீர்கள். முடி சாய்ந்திருக்கிற கோணத்திலேயே ஊசி போக வேண்டும், ஆழம் தப்பினால் தோல் வெந்துவிடும், அரைகுறையாகக் கற்றவள் கையில் கொடுக்கக் கூடாத வேலை, ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்குத் தனி லைசென்ஸே இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து ஒவ்வொரு முடியாகப் பார்த்துப் பழகிய கண்ணும் கையும் இந்த ஊரில் எத்தனை பார்லரில் இருக்கிறது தெரியுமா? முறையாக ஒரு பயிற்சி வையுங்கள், பரீட்சை வையுங்கள், உங்கள் மேற்பார்வையிலேயே வேலை செய்கிறோம். முதல் பேட்ச்சுக்கு நானும் என் கடைப் பெண்கள் இரண்டு பேரும் வருகிறோம். செவ்வாய்க்கிழமையாக இருந்தால் நல்லது, அன்றைக்குக் கடை லீவு.