ஒக்டோபர் 21ஐ அடுப்படியில் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் புறப்பட்டு யாழ்ப்பாணம் முற்றவெளியில் முடிந்த சாதி எதிர்ப்பு ஊர்வலத்துக்கு 2026 ஒக்டோபரில் அறுபது ஆண்டு நிறைகிறது. 'சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்' என்று முழங்கிச் சென்றவர்களைப் பொலிஸார் சுன்னாகத்திலேயே அடித்தார்கள். அடி வாங்கியவர்கள் கலையவில்லை. நடந்து வந்து முற்றவெளியில் கூட்டமும் வைத்தார்கள். 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. தேநீர்க்கடைகளில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வந்ததும் இந்த வரிசையில்தான்.

அறுபதாம் ஆண்டு என்றால் நிகழ்வு வைக்கப் பலரும் விரும்புவார்கள். அது எப்படி நடக்கும் என்பதும் ஏறத்தாழத் தெரிந்ததே. வாசலில் மாலை, மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, ஒரு நடனம், நன்றியுரை, கையில் ஒரு சோற்றுப் பார்சல். முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள். யாருக்காக நினைவுநாளோ அவர்கள் கதிரை அடுக்கிக்கொண்டும் சபையின் பின்னால் நின்றுகொண்டும் இருப்பார்கள். இந்த ஒழுங்கை மாற்றாமல் சமத்துவம் பற்றி எத்தனை மணித்தியாலம் பேசினாலும் வீடு திரும்பும்போது ஊர் பழைய ஊர்தான். நிகழ்வு நடத்துவோருக்குப் பயன்படும் சில நடைமுறை விடயங்களை ஆகவே இங்கு எழுதுகிறோம்.

முதலில் சாப்பாடு. பார்சல் கொடுக்க வேண்டாம். பார்சல் என்பது பக்கத்தில் இருந்து உண்ணாமல் தப்பிச் செல்ல நாமே திறந்துவிடும் கதவு. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் காலத்தில், அதாவது 1920களிலேயே, சமபந்திப் போசனத்தையும் பாடசாலைகளில் சம ஆசனத்தையும் வற்புறுத்திய மண் இது. நூறு ஆண்டுக்குப் பிறகு நாம் பொலித்தீன் உறைக்குள் ஒளிய வேண்டியதில்லை. சாப்பாட்டை நிகழ்ச்சியின் முடிவில் வைத்தாலும் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். உரைகளுக்கும் கூத்துக்கும் நடுவில் வையுங்கள்.

சமையலுக்குக் கூலிக்கு ஆள் பிடித்தால் எல்லோருக்கும் வசதி. யார் கையால் சமைத்தது என்ற கேள்வியே எழாது. அந்தக் கேள்வி எழவேண்டும் என்பதற்காகத்தான் நிகழ்வே. ஊரின் ஒவ்வொரு குறிச்சியிலிருந்தும் (பெரும்பாலும் சாதிவாரியாகப் பிரிந்த ஊர்ப்பகுதி) இரண்டிரண்டு பேர் அடுப்படிக்கு வரட்டும். பெண்களை மட்டும் அனுப்பிவிட்டு ஆண்கள் மேடைக்குப் போவது வேண்டாம். தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, கிடாரமும் தாச்சியும் யாருடைய பொறுப்பில் இருப்பவை என்பதையும் கவனியுங்கள். சனசமூக நிலையத்துப் பாத்திரங்கள் சில குறிச்சிகளுக்கு மட்டும் எப்போதும் 'வேறு இடத்துக்குக் கொடுத்தாச்சு' என்று ஆகும் ஊர்கள் இன்னும் உண்டு. அந்த நிலையத்தின் பாத்திரத்தை அந்தக் குறிச்சியினரே கையொப்பமிட்டு எடுத்து வருவது அரை மணி நேர உரையை விடக் கூடுதலாக வேலை செய்யும்.

என்ன சமைப்பது? எங்கள் பரிந்துரை ஒரே கிடாரத்தில் மரக்கறிக் கூழ். மச்சக் கூழுக்கு உள்ள ருசி இதற்கு வராது என்பது உண்மைதான். ஆனால் சைவர்களுக்கு ஒரு பானை, மற்றவர்களுக்கு ஒரு பானை என்று பிரித்தவுடன் சாதி விலகலும் 'நான் சைவம்' என்ற பெயரில் அந்தப் பிரிவுக்குள் நுழைந்துகொள்ளும். மரக்கறி என்றால் முஸ்லிம் விருந்தினருக்கு ஹலால் குறித்த தயக்கமும் இராது.

நூறு பேருக்கு ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா) 4 கிலோ, அரிசி 2 கிலோ, மரவள்ளிக் கிழங்கு 6 கிலோ, பயிற்றங்காய் 3 கிலோ, கீரை ஏழெட்டுப் பிடி, தேவைக்குப் புளியும் அரைத்த செத்தல் மிளகாயும். ஒக்டோபரில் பலாக்கொட்டை கிடைப்பது அரிது. கிடைத்தால் மரவள்ளியைக் குறைக்கலாம். மாவைக் காலையிலேயே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை இரண்டு தடவை வடித்து ஊற்ற வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் கூழ் கயர்க்கும். அரிசியும் கிழங்கும் வெந்த பின்னர், நெருப்பைத் தணித்துவிட்டு, கரைத்த மாவை மெல்ல மெல்ல ஊற்றி ஒருவர் விடாமல் துழாவ வேண்டும். கொதிக்கும் கிடாரத்தில் மாவை நேரே கொட்டினால் கட்டிபடும். கட்டிபட்ட பின் அதைத் திருத்த வழியில்லை. ஆற ஆறக் கூழ் இறுகும் என்பதால் பக்கத்தில் 5 லீற்றர் சுடுதண்ணீர் இருக்கட்டும். மரவள்ளி சாப்பிட்ட வாய்க்கு இஞ்சித் தேநீர் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு அந்த விவாதமும் வேண்டாம், வெறும் தேநீர் போதும்.

கூழைப் பிளாவில், அதாவது பனையோலையை மடித்துக் கட்டிய ஏனத்தில், கொடுத்தால் அழகு என்று இளைஞர்கள் விரும்புவார்கள். கொஞ்சம் பொறுக்கவும். பாத்திரத்தைத் தொடக்கூடாது என்பதற்காகச் சிரட்டையிலும் பிளாவிலும் ஊற்றிக் கொடுக்கப்பட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நமக்குப் பாரம்பரியமாகத் தெரிவது அவர்களுக்குப் பழைய அவமானமாக இருக்கலாம். முன்கூட்டியே கேளுங்கள். தயக்கம் தெரிந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சில்வர் கோப்பை.

இதே எச்சரிக்கை பறைக்கும் பொருந்தும். பறையை மேடைக்குக் கொண்டுவருவது இப்போது பரவலாகி வருகிறது, நல்லதே. ஆனால் யாழ்ப்பாணத்தில் சில ஊர்களில் மரண வீட்டுக்குப் பறையடிக்க மறுத்ததுதான் அந்த மக்களின் போராட்டமாக இருந்தது. மேளத்தைக் கீழே வைத்தவர்களின் பிள்ளைகளிடம் போய் 'உங்கள் கலையை மறக்காதீர்கள்' என்று புத்தி சொல்வது பண்பாட்டுப் பணி ஆகாது. வாசிக்க விரும்புவோரை அழையுங்கள், விரும்பாதோரை விட்டுவிடுங்கள். கற்க விரும்பும் பிள்ளைகள் எந்தக் குறிச்சியாக இருந்தாலும் சேரட்டும்; ஒரே குறிச்சிப் பிள்ளைகள் மட்டும் வந்து நின்றால் அது மறுபடியும் குலத்தொழில்தான். அழைத்தால், நாதஸ்வர தவில் குழுவுக்குப் பேசும் அதே தொகையைப் பேசி, முற்பணமும் கொடுத்து, கலைஞர்களின் பெயரை அழைப்பிதழில் அச்சிடுங்கள். 'பறை முழக்கம்' என்று மட்டும் போட்டுவிட்டு நடன ஆசிரியைக்கு மாத்திரம் பெயரும் பட்டமும் போடும் அழைப்பிதழ்கள் நிறையவே வருகின்றன. இன்னொன்று, நம்மூர்ப் பறைமேளம் இருபுறமும் தோல் கட்டியது; தமிழ்நாட்டுத் தப்பு ஒருபுறத் தோல். இப்போது மேடைகளில் பெரும்பாலும் காண்பது பின்னதையே. இரண்டையும் குழப்ப வேண்டாம். மழைக்கால ஈரத்தில் தோல் தளர்ந்து ஓசை மங்கும். தப்புக்குத் தீ காட்டி இறுக்க வேண்டும், மண்டபத்துக்குள் அது முடியாது. வெளியே ஒரு தகரக் கொட்டகையும் கொஞ்சம் வைக்கோலும் ஒழுங்கு செய்யுங்கள்.

கூத்து வைப்பதென்றால் காத்தவராயன் கூத்தை விடப் பொருத்தமானதைத் தேட வேண்டியதில்லை. சாதி மீறிய காதலுக்குக் கழுமரம் என்ற கதையைக் கோயில் வீதியிலேயே தலைமுறைகளாக ஆடி வந்திருக்கிறோம். மாவிட்டபுரப் போராட்டத்தையும் அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கூத்தின் பாணியில் மேடையேற்றினார்கள். முழு இரவுக் கூத்தை ஒன்றரை மணித்தியாலமாகச் சுருக்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளையின்படி வந்த கட்டுப்பாடு இது. வெட்டும்போது காத்தவராயனின் காதலி ஆரியமாலையின் பாட்டுகளை முதலில் வெட்டிவிடுவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள்.

ஊர்வலம் பற்றி. சுன்னாகத்திலிருந்து மருதனார்மடம், இணுவில், கொக்குவில், தட்டாதெருச் சந்தி வழியாக முற்றவெளிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். பதாகையும் மேளமுமாக நடந்தால் மணிக்கு 3 கிலோமீற்றருக்கு மேல் போகாது. மூன்றரை மணித்தியாலம் ஆகும். ஒக்டோபரில் இடியோடு மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான். எனவே காலை 6.30க்குப் புறப்படுவதே சரி. முழுத் தூரமும் எல்லோரும் நடக்க வேண்டியதில்லை. முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் தட்டாதெருச் சந்தியில் சேரலாம். தண்ணீருக்கும் களைத்தவர்களை ஏற்றவும் பின்னால் ஒரு லான்ட்மாஸ்ரர் (பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரம்) வரட்டும். 2026இல் 21ஆம் திகதி புதன்கிழமை. நாட்கூலிக்குப் போகிறவர்களின் ஒரு நாட் சம்பளத்தைப் பறித்து அவர்களின் நினைவுநாளைக் கொண்டாடுவது பொருந்தாது. புதனன்று காலை சுன்னாகத்தில் அரை மணி நேரம் கூடிவிட்டு, ஊர்வலத்தை ஞாயிறுக்கு வையுங்கள். தேவாலயங்களில் பூசை நேரத்தை விசாரித்து, அந்த வாசல்களைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்துங்கள்.

ஊர்வலத்துக்குப் பொலிஸ் 'அனுமதி' தந்தால்தான் நடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு கேட்பது, தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தல். நடைமுறையில் இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாதை ஒன்றுக்கு மேற்பட்ட பொலிஸ் பிரிவுகளைக் கடப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி. ஒலிபெருக்கிக்கு மட்டும் தனியாக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்.

மண்டபத்தில் மேடை 60 சென்ரிமீற்றர் உயரம் என்றால், 1க்கு 12 என்ற சரிவின்படி சாய்தளத்துக்கு 7.2 மீற்றர் நீளம் வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவ்வளவு இடம் இராது. பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துச் சமாளிக்காதீர்கள், சக்கர நாற்காலி பின்னால் கவிழும். மேடையை விட்டுக் கீழே இறங்கி நிகழ்வை நடத்துங்கள். சோபா வரிசையும் அத்தோடு தானாகவே போய்விடும்.

உரைகளில் ஒன்றையாவது சட்டத்துக்கு ஒதுக்குங்கள். சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலையிலோ உணவகத்திலோ வழிபாட்டிடத்திலோ தடுப்பது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். இது பொலிஸில் முறையிட வேண்டிய விடயம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அரசியலமைப்பின் 12(3) உறுப்புரையும் கடை, உணவகம், தன் சமயத்து வழிபாட்டிடம் என்பவற்றில் சாதித் தடையை மறுக்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவது அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராக மட்டுமே. கோயில் நிர்வாகசபை தடுத்தால் முதல் வழி, அதாவது பொலிஸ் முறைப்பாடு. அந்த முறைப்பாட்டைப் பொலிஸ் அதிகாரி ஏற்க மறுத்தால் இரண்டாவது, அதாவது உயர் நீதிமன்றம். இரண்டாவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் இதில் கணக்கெடுக்கப்படாது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. அவசர தொலைபேசி 1996. 'முதலில் ஊருக்குள் பேசித் தீர்ப்போம்' என்று இழுத்தடிப்பதால்தான் இந்த ஒரு மாதம் வழக்கமாகப் பறிபோகிறது. 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயில் தேரை ஒடுக்கப்பட்ட மக்கள் தொடக்கூடாது என்று ஜே.சி.பி. இயந்திரத்தால் இழுத்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அப்படி இனி நடந்தால் எங்கே, எத்தனை நாளுக்குள் போவது என்பதை அரைப்பக்கத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டுக் கூழோடு கையில் கொடுங்கள்.

ஒன்பது நாள் கழித்து ஒக்டோபர் 30 வருகிறது. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய நாள். 21ஐப் பெரிதாகச் செய்துவிட்டு 30ஆம் திகதியில் வாய்மூடி இருப்போமானால், நாம் கேட்பது எமக்கான உரிமையை மட்டும் என்றாகும். இரண்டையும் ஒரே குழுவே பொறுப்பெடுக்கலாம். ஆனால் 30ஆம் திகதி நிகழ்ச்சி நிரலைத் தமிழர் நாம் எழுதக்கூடாது. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகர் தெருவில் மீளக்குடியேறியவர்களும் இன்னும் புத்தளத்தில் இருப்பவர்களும் என்ன பேச விரும்புகிறார்கள் என்று கேட்டு, இடம், போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவற்றை மட்டும் நாம் ஒழுங்கு செய்வோம். காணி, வீட்டுத்திட்டம், வாக்காளர் பதிவு பற்றிக் கோரிக்கை வந்தால் அதை எழுதி வாங்கி, கையொப்பமிட்டு, பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பை இரண்டு பேரிடம் அன்றே ஒப்படையுங்கள். 2026இல் அது வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து பிற்பகல் 2.30க்குப் பிறகு தொடங்குவது முறை.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு கோரிக்கை. 1966இல் இருபது வயதில் நடந்தவர்களுக்கு இப்போது எண்பது. ஓகஸ்ட், செப்ரெம்பர் ஞாயிறு இதழ்களில் வாரம் அரைப்பக்கத்தை அவர்களின் நேர்காணலுக்கு ஒதுக்க முடியுமா? ஒலிப்பதிவு செய்பவர்கள் 40 நிமிடத்துக்கு மேல் ஓரமர்வில் இழுக்கக்கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிய வேண்டும். பெயரும் படமும் வெளியிட எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஏனென்றால் பிள்ளைகள் ஊர் மாறி, சாதி சொல்லாமல் வாழும் குடும்பங்களும் உண்டு. பெயர் வேண்டாம் என்பவர்களின் நினைவைப் பெயரில்லாமலே போடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை அவர்களுக்கே வாசித்துக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊர் நிகழ்வுகளை ஒழுங்கமைப்போர் சிலர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.