நீ என்ன சொல்லுவ?

அன்புள்ள மக்கா,

எப்படி இருக்க? அம்மாவுக்கு முட்டுவலி குறைஞ்சுதா, ஆபரேஷன் பண்ணப்போறீங்களா இல்லையான்னு எழுது. இங்க எல்லாரும் சுகம், சின்னவ பத்தாவது பரீட்சைக்குப் படிக்கா, அதனால வீட்ல டிவி சத்தம் இல்ல.

அந்த அமைதியில நான் பழைய குவேக்கர்களைப் பத்திப் படிச்சிட்டு இருக்கேன், அவங்க இங்கிலாந்துல ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவ சபை, பேசாம அமைதியா உக்காந்துதான் ஆராதனை பண்ணுவாங்க. 1652ல இங்கிலாந்து வடக்குல அல்வர்ஸ்டன் ஊர் சர்ச்சுல நடந்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவே மாட்டேங்கு. ஜார்ஜ் ஃபாக்ஸ், இந்தச் சபையை ஆரம்பிச்சவரு, முப்பது வயசுகூட ஆகல, பெஞ்சு மேல ஏறி நின்னு பேசுதாரு. கிறிஸ்து இப்படிச் சொன்னாரு, அப்போஸ்தலர் இப்படிச் சொன்னாங்கன்னு சொல்லுதீங்க, சரி, நீ என்ன சொல்லுவன்னு கேக்காரு. அங்க இருந்த மார்கரெட் ஃபெல், ஒரு ஜட்ஜோட மனைவி, அப்படியே உக்காந்து அழுதுட்டாங்க. நாம எல்லாரும் திருடங்க, வேதத்தை வார்த்தையா எடுத்துக்கிட்டோம், நமக்குள்ள அதுல ஒண்ணுமே தெரியாதுன்னு.

மக்கா, நான் இருபது வருஷமா ஜெபக்கூட்டத்துல ஜெபம் பண்ணுதேன், பாதி வார்த்தை யாரோ பண்ணின ஜெபத்துல கேட்டது, வாய் பாட்டுக்குப் போகும், மனசு எங்கயோ இருக்கும். இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அந்தக் காலத்துல இங்கிலீஷ்லயும் நம்மள மாதிரி நீ, நீங்கன்னு ரெண்டு உண்டு. குவேக்கர்கள் எதிர்ல நிக்கிறவர் ஜட்ஜா இருந்தாலும் பிரபுவா இருந்தாலும் நீன்னுதான் கூப்பிட்டாங்க, தொப்பியைக் கடவுள்கிட்ட ஜெபிக்கும்போது மட்டுந்தான் கழட்டினாங்க. நம்மூர்ல பெரியவங்களை ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு, அவங்களுக்கும் அடியும் ஜெயிலுந்தான். கோர்ட்ல சத்தியம் பண்ண மாட்டாங்க, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுன்னு இயேசு சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அதே உண்மைதான் கடையிலயும், பேரம் கிடையாது, சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பெரியவங்களுக்குச் சொல்ற அதே விலை. விசுவாசம்னா எனக்கு இந்தக் கடை விஷயந்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

1682ல பிரிஸ்டல்ல பெரியவங்களை எல்லாம் ஜெயில்ல போட்டுட்டாங்க, பிள்ளைங்களே கூடி ஆராதனை நடத்தினாங்க, அடி வாங்கியும் நிறுத்தல. நம்ம பிள்ளைங்க அப்படி உக்காருமா, அதுக்கு நாம வீட்ல என்ன காட்டியிருக்கோம்?

ஒண்ணு மட்டும் வேதனையா இருக்கு. எல்லா மனுசருக்குள்ளயும் தேவனோட ஒளி உண்டுன்னு சொன்னவங்கள்லயே பலர் கரீபியன் தீவான பார்படோஸ்ல அடிமைங்களை வச்சிருந்தாங்க. 1671ல ஃபாக்ஸ் அங்க போனப்போ அவங்களை நல்லா நடத்துங்கன்னு சொன்னாரே தவிர, விட்டுருங்கன்னு உறுதியா சொல்லல. 1688ல பென்சில்வேனியாவுல ஜெர்மன்டவுன்ல நாலு பேர் அடிமைமுறை தப்புன்னு எழுதிக் கொடுத்தாங்க, ஃபிலடெல்ஃபியா குவேக்கர்கள் அடிமை வச்சிருக்கக் கூடாதுன்னு முடிவெடுக்க 1776 ஆயிட்டு. வெளிச்சம் கையில இருந்தும் எவ்வளவு லேட்டு பாரு.

இப்ப அவங்களை மாதிரி தினமும் காலையில பத்து நிமிசம் ஒண்ணும் பேசாம உக்காருதேன். பாட்டு இல்ல, ஜெபம் இல்ல. மொத வாரம் கரண்ட் பில்லுதான் ஞாபகம் வந்துச்சு, இப்ப கொஞ்சம் பரவாயில்ல. நீ கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது ஒரு நாள் என்கூட உக்காரு, அப்புறம் டீ குடிச்சிட்டுப் பேசுவோம்.

உன் நண்பன்