மாதவரம் ரவுண்டானாவில் நின்ற டிரெய்லர் அண்ணனுக்கு

போன சித்திரையில் ஒரு காலை. ஆந்திராவிலிருந்து ஆடுகளை ஏற்றிக்கொண்டு சென்னை புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு, அதான் ஆடு அறுக்கும் கூடத்துக்கு, வந்துகொண்டிருந்தேன். மாதவரம் ரவுண்டானா பக்கம் பின் டயர் வெடித்துவிட்டது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை, அது என் தப்புதான்.

ஆட்டு வண்டி ஓடினால்தான் உள்ளே காற்று. நின்றால் வெக்கையில் ஆடு படுத்துவிடும், படுத்ததை மற்றவை மிதித்துவிடும்.

அண்ணே, நான் வாயே திறக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டு நீங்களே இறங்கி வந்தீர்கள். வெயில் பக்கமாக உங்கள் தார்ப்பாயைக் கட்டினீர்கள். கேன் தண்ணீரை ஆடுகள் மேல் தெளித்தீர்கள். அப்புறம் உள்ளே ஏறி, படுத்துக்கிடந்த நாலைந்தை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினீர்கள். சட்டையெல்லாம் புழுக்கை. "எங்க அப்பாவும் ஆட்டுக்கிடை போட்டவர்தான்" என்றீர்கள், அவ்வளவுதான் பேச்சு. ஒரு மீன்பாடி மூணு சக்கர வண்டியை மடக்கி, ஸ்டெப்னியை மூலக்கடைக்கு அனுப்பியதும் நீங்கள்தான். இதற்குள் துறைமுக வரிசையில் உங்களுக்கு எத்தனை வண்டி முந்தியதோ!

டயரை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. தார்ப்பாய் என்னிடம்தான் இருக்கிறது அண்ணே, மடித்து சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.