ஃபில்டர் சாக்ஸைப் பைப்பில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்மீன் வளர்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் உப்பு அளவு, விளக்கு, மீன் தேர்வு எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. சம்ப் பற்றிய இடத்தில் மட்டும், ஃபில்டர் சாக்ஸை இறங்கு பைப்பின் வாயில் கேபிள் டை போட்டுக் கட்டிவிட்டால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை நம்பிச் செய்தால் ஹால் தரை நனையும்.

சம்ப் என்றதும் நம் ஊரில் வாசலில் பூமிக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல, மீன் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே வழியும் தண்ணீர் பைப்பில் இறங்கி, நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரைக் கடந்து, ரிட்டர்ன் மோட்டார் வழியாகத் திரும்ப மேலே போகும். இறங்கும் தண்ணீர் முதலில் புகுகிற துணிப்பைதான் ஃபில்டர் சாக்ஸ். டீக்கடை மாஸ்டர் கையிலிருக்கும் வடிகட்டிப் பையேதான், வாயில் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் வளையம். அந்த வளையத்தைத் தாங்கும் தட்டுக்கு ஹோல்டர் என்று பெயர்.

மிச்சத் தீனியும் மீன் கழிவும் பாசி நாரும் மூன்று நான்கு நாளில் துணியை அடைத்துவிடும். அடைத்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு வழி வேண்டும். ஹோல்டரில் உட்கார்ந்த சாக்ஸ் வாய் திறந்திருப்பதால் தண்ணீர் வளையத்துக்கு மேல் பொங்கி, தட்டில் பரவி, சம்ப்புக்குள்ளேயே விழும். வடிகட்டாமல் போகிறதே தவிர வேறு நஷ்டம் இல்லை. பைப்பில் இறுக்கிக் கட்டிய பைக்கு அந்த வழி கிடையாது. பை உப்பிக்கொண்டு பைப்பில் எதிர் அழுத்தம் ஏறும், மோட்டாரோ நிற்காமல் மேலே தள்ளும், மேல்தொட்டி விளிம்பைத் தாண்டும். அதற்கு முன்பே டை நழுவினால் மூன்று நாள் அழுக்கும் மொத்தமாகச் சம்ப்பில் கொட்டும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் பதில் இல்லை.

வெளிநாட்டு ஹோல்டர்கள் அந்த நாட்டு சம்ப் அளவுக்குச் செய்தவை. நம் ஊர் சம்ப்போ கடையில் அடிக்கணக்கில் சொல்லி ஒட்டச் சொல்வது. ஆகவே கையால் செய்துகொள்வதே மேல். 4 x 1½ x 1½ அடி மேல்தொட்டி, 3 x 1¼ x 1¼ அடி சம்ப் என்று வைத்து அளவு சொல்கிறோம். உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷீட் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பலரும் சம்ப் ஓடும்போது உள்ள மட்டத்தைப் பார்த்து ஹோல்டரின் உயரத்தை வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கரண்ட் போனால் வரும் மட்டம். மோட்டார் நின்றதும் ரிட்டர்ன் பைப் வழியாக மேல்தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். மேலே 2.5 செ.மீ. இறங்கினாலே 120 x 45 x 2.5, அதாவது பதின்மூன்றரை லிட்டர்; நம் சம்ப்பில் அது 4 செ.மீ. வரை ஏறும். சாக்ஸ் வளையம் அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால், உள்ளே பிடித்து வைத்த மிதப்பு அழுக்கு சாவகாசமாக வெளியே மிதந்து வரும். கரண்ட் வந்ததும் மோட்டார் அதை உறிஞ்சி மீன்களுக்கே திருப்பி அனுப்பும். நாளுக்கு இரண்டு தடவை கரண்ட் போகும் வீட்டில் சாக்ஸ் போட்டும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால், முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

அளப்பது எளிது. மோட்டாரை நிறுத்தி, இறங்கு பைப்பிலும் ரிட்டர்ன் பைப்பிலும் தண்ணீர் முழுக்க நின்ற பிறகு சம்ப் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ரிட்டர்ன் பைப்பில் சைஃபனை, அதாவது மேல்தொட்டித் தண்ணீர் தானாகவே பைப்பில் இழுபட்டு இறங்குவதை, முறிக்க ஒரு சின்னத் துளை இருக்கும். சோதிக்கும்போது அதை விரலால் மூடிக்கொள்ளுங்கள். என்றைக்காவது பாசியோ நத்தையோ அதை அடைக்கத்தான் போகிறது. ரிட்டர்ன் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்து, துளையும் அடைபட்டால் இறங்குவது 54 லிட்டர். அப்போது ஹோல்டர் அல்ல, சம்ப்பே வழியும். மட்டம் எல்லை மீறுகிறது என்று தெரிந்தால் உடனே விரலை எடுத்துவிட்டு, ரிட்டர்ன் வாயை மேலே ஏற்றிய பிறகே மறுபடி அளக்கலாம்.

சம்ப்பில் சாக்ஸ் தொங்கும் முதல் அறையில் ஓடும் மட்டம் 22 செ.மீ., நின்ற மட்டம் 26 செ.மீ. என்றால் தட்டை 29 செ.மீ. உயரத்தில் வைக்கலாம். சாக்ஸின் அடி தரைக்கு 3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். ஆக சாக்ஸ் நீளம் 26 செ.மீ., ஏறக்குறைய 10 இன்ச். வாய் 7 இன்ச் உள்ள சாக்ஸ்களில் 16 இன்ச் நீளம் சகஜம். இந்த சம்ப்பில் அது தரையில் மடிந்து கிடக்கும், மடிந்த இடத்தில் வடியாது. 4 இன்ச் சாக்ஸ் இரண்டைப் பக்கத்தில் பக்கம் வைப்பதே இதற்குப் பொருத்தம். நீளம் கூடுதலாக இருந்தால் அடியை மடித்து பாலியெஸ்டர் நூலால் தைக்கலாம். பருத்தி நூல் தண்ணீரில் மக்கிவிடும்.

தட்டுக்கு 6 மி.மீ. காஸ்ட் அக்ரிலிக், 2 x 1 அடி ஷீட் ஒன்று போதும். அதிலிருந்து 35.2 x 16 செ.மீ. தட்டு ஒன்று, 12 x 16 செங்குத்துப் பலகை இரண்டு. மற்றதெல்லாம் 16 செ.மீ. நீளப் பட்டைகள்: 3 செ.மீ. அகலத்தில் இரண்டு, 2 செ.மீ. அகலத்தில் நான்கு, 1 செ.மீ. அகலத்தில் இரண்டு. முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் கொக்கி போல மாட்டி, நடுவில் தட்டு தொங்கும் அமைப்பு இது. ஒரே பக்கம் மாட்டினால் எடை முழுவதும் ஒரு மூட்டில் விழுந்து நாளடைவில் பிய்யும். சம்ப் விளிம்பில் உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டை ஓடினால் கொக்கி மாட்ட முடியாது. அப்போது சம்ப்பைக் காயவைத்து, இரு கண்ணாடியிலும் உள்ளே 2.5 செ.மீ. கண்ணாடித் துண்டுகளைச் சிலிக்கானால் ஒட்டி, தட்டை அவற்றின்மேல் சும்மா வைத்துவிடலாம்.

ஓட்டை போடுவதற்கு முன் சாக்ஸ் வளையத்தின் உதட்டுக்குக் கீழுள்ள விட்டத்தை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். 4 இன்ச் என்று விற்பதெல்லாம் 4 இன்ச் இல்லை, வளையமும் முழு வட்டமாக இருக்காது. பெரிய அளவைவிட 1 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் உப்பு பூத்துப் பிடித்துக்கொள்ளும், இழுக்கும்போது தட்டு விரிசல் விடும். ஓட்டைகளுக்கு நடுவிலும் இரு கோடியிலும் 5 செ.மீ. போல விடுங்கள்.

ஷீட்டின் மேலொட்டிய காகிதத்தை உரிக்காமல், அடியில் மரக்கட்டை வைத்து, ஹோல் சாவை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் அக்ரிலிக் வெட்டுப்படாமல் உருகும், உருகியது பல்லில் ஒட்டிக்கொள்ளும். பாதி ஆழம் போனதும் ஷீட்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடித்தால் ஓரம் பெயராது. ஜிக்சாதான் இருக்கிறது என்றால் கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே வெட்டி, அரை வட்ட அரத்தால் கோடுவரை கொண்டுவந்து, 220 உப்புத்தாள் போடுங்கள். நேம்போர்டு கடையில் லேசரில் வெட்டித் தருவார்கள், மிகச் சுத்தமாக இருக்கும். ஆனால் லேசர் பட்ட ஓரத்தில் உள் இறுக்கம் தங்கிவிடும். அதில் ஒட்டுவதற்கான குளோரோஃபார்ம் பட்டதும் மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஒட்டப்போகிற ஓரங்களை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்டினால் அது பெருமளவு குறையும்.

அக்ரிலிக்கை அக்ரிலிக்கோடு சேர்ப்பது குளோரோஃபார்ம்தான். சிலிக்கான் கண்ணாடியைத்தான் பிடிக்கும், அக்ரிலிக்கிலிருந்து தோல்போல உரிந்து வரும். துண்டுகளை மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, சிரிஞ்ச் ஊசியை இணைப்பின் ஓரத்தில் வைத்து மெல்லத் தள்ளினால் திரவம் தானாக உள்ளே ஓடும். பளிச்சென்று தெளிவாகத் தெரிந்த இடம் பிடித்துவிட்டது. வெள்ளையாக, குமிழியோடு நிற்கும் இடம் பிடிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது. இந்த வேலைக்கு மொட்டை மாடிதான் சரி. மூடிய அறையில் கூடாது. அடுப்பு, விளக்குப் பக்கத்தில் கூடவே கூடாது, சூட்டில் அது கொடிய நச்சு வாயுவாக மாறும். ஒட்டிய பின் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வாசனை முழுக்கப் போன பிறகு மாட்டுங்கள்.

செங்குத்துப் பலகையின் தலையில் 2 செ.மீ. பட்டை, அதன் வெளி ஓரத்தில் கீழ்நோக்கி 3 செ.மீ. பட்டை: இதுதான் கொக்கி. நடுவில் கண்ணாடிக்கு 8 மி.மீ. இடைவெளி நிற்கும். பலகையும் கொக்கியும் சேரும் மூட்டின்மேல், கண்ணாடி புகும் இடைவெளியில் அல்லாமல் சம்ப்பின் உள்பக்கம் பார்த்த முகத்தில், 1 செ.மீ. பட்டையை முட்டாக ஒட்டுங்கள். மீதி இரண்டு 2 செ.மீ. பட்டைகளைப் பலகைகளின் உள்பக்கம் அடியோரமாக ஒட்டி, தட்டை அவற்றின்மேல் உட்காரவைத்து ஒட்டுங்கள். தட்டு பசையில் தொங்கக் கூடாது, பட்டையில் உட்கார வேண்டும். ஸ்க்ரூ போட்டே தீருவேன் என்பவர்கள் நைலான் ஸ்க்ரூ போடட்டும். பித்தளையிலிருந்து கரையும் செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கடல்நீரில் துருப்பிடிக்கும்.

பைப்பின் வாய் ஓடும் மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் போதும். ஆழமாக முக்கினால் பைப்பில் சிக்கிய காற்று வெளியேறத் திணறி 'குபுக் குபுக்' என்று இரவெல்லாம் சத்தம் போடும். மேலேயே நின்றால் அருவி மாதிரி விழுந்து தெறிக்கும். தெறித்தது கொக்கி வழியே வெளிக்கண்ணாடிக்கு ஏறி, சொட்டிச் சொட்டி ஸ்டாண்டுக்குள் இருக்கும் பிளக் பாயின்ட்வரை உப்புக் கோடு போடும். எமர்ஜென்சி பைப் இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் சாக்ஸுக்குள் விடாதீர்கள். அடைப்பு வரும் நாளுக்காகத்தான் அந்தப் பைப். அதன் வாயிலும் துணி கட்டினால் எதற்கு?

200 மைக்ரான் (மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு) துளையுள்ள ஃபெல்ட் துணி சாக்ஸ் தினசரிக்குப் போதும். 100 மைக்ரான் மணலைக் கிளறிய அன்று மட்டும். மாண்டரின் மீன் வைத்திருப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாள் போட்டால் போதும் என்பது எங்கள் கருத்து, அந்த மீன் தின்கிற கோப்பிபாடு என்ற நுண்ணிய உயிரிகளையும் சாக்ஸ் பிடித்துவிடும். சாக்ஸுக்குள் தண்ணீர் மட்டம் வெளி மட்டத்தைவிட 5 செ.மீ. உயர்ந்துவிட்டால் மாற்றுங்கள். உயராவிட்டாலும் நான்கு நாளுக்கு மேல் விட வேண்டாம். பிடித்து வைத்த அழுக்கு தண்ணீரை விட்டுப் போய்விடவில்லை, சாக்ஸுக்குள்ளேயே அழுகி நைட்ரேட்டாகிக்கொண்டிருக்கிறது. தொட்டிக்குள் வைக்கும் பாறைக்கும் இதில் பங்கு உண்டு. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது பவளப் பாறை கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்கக் கூடாது. அதற்குப் பதில் உலர்ந்த பாறையையும் பீங்கான் மீடியாவையும் வைத்து ஆரம்பிக்கிற தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா பெருக வாரக்கணக்காகும். அந்த நாட்களில் சாக்ஸை நேரத்துக்கு மாற்றுவது இன்னும் முக்கியம்.

துவைப்பதற்குச் சோப்புத்தூளையும் கட்டுரையில் சொல்லியிருந்தார்கள். துளி சோப்பு தங்கினாலும் ஸ்கிம்மர் நாள்கணக்கில் நுரை தள்ளும், துணி மென்மையாக்கும் திரவம் அதைவிட மோசம். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி, குழாய் வேகத்தில் அடித்துக் கழுவி, வாசனை சேர்க்காத திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கில் சில மணி நேரம் ஊறவையுங்கள். அந்த வாளியில் கழிவறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு அலசி, குளோரினை நீக்கும் மருந்து கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து ஒரு நாள் வெயிலில் காயப்போடுங்கள். முகர்ந்து பார்த்தால் பிளீச் வாடை இருக்கக் கூடாது; இருந்தால் மறுபடி முக்குங்கள். ஆறு சாக்ஸ் கையில் இருந்தால் ஒன்று ஈரமாக இருக்கிறதே என்று அவசரப்பட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
கொளத்தூர், சென்னை.