இறந்த பறவையைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பறவைகள் இடம்பெயரும் வலசைக்காலம் வந்தால் சிங்கப்பூர் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் கண்ணாடிச் சுவரோரத்திலும் காலையில் பறவைகள் செத்துக் கிடக்கும். இரவில் பயணம் செய்யும் நீலச்சிறகு பிட்டா (தமிழ்நாட்டு ஆறுமணிக்குருவிக்கு உறவு) இப்படி அடிபடுவது சகஜம். பார்ப்பவர்கள் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். பறவையியலாளருக்கு அது பெரிய நட்டம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2011ல் மறைந்த பேராசிரியர் நவ்ஜோத் சோதி, பாரி புரூக், பீட்டர் இங் ஆகியோருடன் 2003ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். 1819க்குப் பிறகு இத்தீவின் இயற்கைக் காடுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்ததையும், எஞ்சிய உயிரினங்களில் பாதிக்கு மேல் வெறும் 0.25 விழுக்காட்டு நிலத்தில் ஒண்டியிருப்பதையும் அது காட்டியது. எந்த உயிரினம் எப்போது இங்கிருந்தது என்ற பழைய பதிவுகள் இல்லாமல் அந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. நாள், இடக் குறிப்போடு ஒப்படைக்கும் செத்த பறவையும் அப்படி ஒரு பதிவுதான்.

பறவைக்கு உயிர் இருந்தால் காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சந்தடியில்லாத இடத்தில் ஓரிரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தெளியாவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள்.

செத்திருந்தால் வெறுங்கையால் தொடாமல், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து அப்படியே திருப்பிப்போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். தேதி, நேரம், புளோக் எண், எந்தப் பக்கக் கண்ணாடி என்பதை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் பையோடு சேர்த்துவிடுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். இந்தச் சீட்டு இல்லாத பறவை ஆய்வுக்கு அநேகமாகப் பயன்படாது. காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம் இருந்தால் கழற்றாதீர்கள். நம்மூர் வெக்கையில் சில மணி நேரத்திலேயே வயிற்றுத்தோல் நெகிழ்ந்து இறகு உதிரும், எறும்பு கண்ணை அரிக்கும். அதனால் உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைக் கேட்டு ஒப்படையுங்கள். ஃபார்மலினில் (உடலைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுக் 'காப்பாற்ற' நினைப்பவர்களும் உண்டு. அது மரபணுவைச் சிதைத்துவிடும். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக்கிடந்தால் தொடவே வேண்டாம். நோயாக இருக்கலாம், கழகத்திடம் சொல்லுங்கள்.

விடியற்காலையில் முதலில் பார்ப்பவர்கள் துப்புரவு ஊழியர்கள்தான். வலசைக்காலத்துக்கு முன், செப்டம்பருக்குள் நகர மன்றங்களும் கொண்டோ நிர்வாகங்களும் தமிழிலும் வங்காள மொழியிலும் ஒரு பக்கக் குறிப்பு அச்சிட்டு அவர்களிடம் கொடுக்க வேண்டும்.

— பறவை ஆர்வலர்கள் இருவர், கிளமெண்டி